உன் பெயரில் என் ரத்தம்

மகனே,

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. வாட்ஸப்பில் அனுப்பினால், நீ ஆபீஸ் போகிற லோக்கல் டிரெயின் முலுண்ட் போய்ச் சேர்வதற்குள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுவாய். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரமாவது ஆகும். இந்தக் கடிதத்தை நீ வேகமாகப் படித்துவிடக் கூடாது என்பதே என் விருப்பம். புரியாத இடம் வந்தால் பக்கத்து வீட்டு மாமாவிடம் கொண்டுபோய் நீட்டாதே. என்னிடம் வா. ஏன் என்பது அடுத்த பத்தியிலேயே தெரிந்துவிடும்.

இன்னும் ஐந்து வாரத்தில் உனக்குக் கல்யாணம். பெண் பார்க்க ஆண்டாப் ஹில் போன அன்று மீனாவின் அப்பா என்ன கேட்டார் என்பது உனக்கு நினைவிருக்கும். "ஜாதகமெல்லாம் வேண்டாம் மதினி. எங்க அண்ணனுக்குப் பொருத்தம் எல்லாம் பாத்துத்தான் கட்டுனோம். அம்பது வயசு ஆவுறதுக்குள்ள மாரடைப்புல போயிட்டான். எனக்கு மாப்பிள்ளையோட பிளட் ரிப்போர்ட் குடுங்க, அது போதும்" என்றார். இப்படி ஒரு புத்திசாலி மனிதரை நம் ஆட்களில் நான் பார்த்ததில்லை. நீ உடனே போனை எடுத்தாய். "அரே மாமா, இவ்ளோதானா? ஆபீஸ்ல சேரும்போது எடுத்தது இருக்கு. ஏக்தம் கிளீன்!" அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். "மூணு மாசச் சுகர் அஞ்சு புள்ளி ரெண்டு! ஏளா, இங்க வந்து பாரு. இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பிள்ள!" அவர் மனைவி ஓடிவந்து உன் வாயில் ஒரு ஜாங்கிரியைத் திணித்தார். அவர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். "ஹீமோகுளோபின்தான் பதினொண்ணு, கொஞ்சம் கம்மி. முருங்கக்கீரையா குடுத்தாச் சரியாப் போயிரும்." அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு கட்டு முருங்கைக்கீரை நம் வீட்டுக்கு வருகிறது. நியாயமாகப் பார்த்தால் அது எனக்குத்தான் வருகிறது. ஏனென்றால் அந்த ரிப்போர்ட்டில் இருப்பது உன் ரத்தம் இல்லை, என் ரத்தம். ஆறு வருடத்துக்கு முன்னால் என் ரத்தம் நிறைந்த குழாயில் உன் பெயரை ஒட்டி அனுப்பினேன். மாதவிலக்கு நிற்கிற வயதில் இருந்த ஒரு பெண்ணுக்குப் பதினொன்று பெரிய குறை இல்லை. ஆக, ஆண்டாப் ஹில்லில் அன்று பொருத்தம் பார்த்து முடித்தது மீனாவுக்கும் எனக்கும்தான்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவி வந்தேன். முகத்தைக் கழுவினால் போகிற விஷயம் இல்லை என்று தெரியும். பழக்கம்.

செம்பூரில் அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தேன். ஊசி குத்தி ரத்தம் எடுப்பது, மிஷினில் ஏற்றுவது, ரிப்போர்ட்டை உறையில் போட்டுக் கொடுப்பது. அந்த இருபத்தேழு வருடத்தில் நான் சேர்த்த சொத்து மனிதர்கள் மேல் ஓர் ஏளனம்தான். சர்க்கரை டெஸ்ட் என்றால் நம் சனம் பரீட்சைக்குப் படிப்பதுபோலத் தயாராகும். ஞாயிற்றுக்கிழமை வரை ஸ்ரீகண்ட் இனிப்பை வழித்துத் தின்பார்கள். திங்களும் செவ்வாயும் பட்டினி. புதன் காலையில் யோகியைப் போல நாற்காலியில் வந்து உட்கார்ந்து கையை நீட்டுவார்கள். மாதுங்காவிலிருந்து ஒரு ரிட்டயர்டு ஆபீசர் வருவார். அவருக்கு டாக்டர் மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்டை எழுதிக் கொடுத்துவிட்டார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மேஜையைத் தட்டினார். "என்னம்மா இது, மூணு நாளா நான் வெறும் மோர்தான் குடிச்சேன், எட்டரைன்னு போட்டிருக்கே?" "மூணு நாள் இருந்தீங்க சார், மூணு மாசம் இருக்கலையே" என்றேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களோடு நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது.

அந்த டெஸ்ட்டின் நேர்மை எளிமையானது. ரத்தத்தில் சர்க்கரை அதிகம் மிதந்தால் அது சும்மா மிதப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் புரதத்தில் ஒட்டினால், அந்த அணு செத்து மறையும்வரை ஒட்டியபடியே இருக்கும். நேற்று நீ பட்டினி கிடந்தாய் என்பதற்காக அது இறங்கி ஓடாது. அதனால்தான் உன் அப்பா அந்த டெஸ்ட்டை வாழ்நாளெல்லாம் வெறுத்தார். "அது வேண்டாம்ளா, அது கோள் சொல்லும்" என்பார். வெறும் வயிற்றில் எடுக்கும் சாதா டெஸ்ட்டுக்குத்தான் வருவார். "ஏளா, புதன்கிழம டெஸ்ட்டு. ஞாயித்துக்கிழமையில இருந்து எனக்குச் சோறு வைக்காத." நல்ல நம்பர் வந்ததும் லேப் வாசலிலிருந்து நேராக மிட்டாய்க் கடைக்கு. அந்த ரிப்போர்ட்டை எல்லாம் தன் கையால் தைத்த ஒரு தோல் ஃபைலில் அடுக்கி வைத்திருந்தார். அதைத் திறந்து காட்டினால் அவரைப்போல ஆரோக்கியமான மனிதர் தாராவியில் யாரும் இல்லை. எனக்கு உண்மை தெரியும். அதை நிரூபிக்க, அவர் தூங்கும்போது விரலில் குத்தி ஒரு துளி எடுத்துக்கொண்டு போனால் போதும். ஆனால் வீட்டில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஊரார் ரத்தத்தில் பொய்யைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள், வீட்டு ரத்தத்தில் அதைப் பார்த்தும் குழம்பு ஊற்றினேன்.

அவருக்கு நெஞ்சடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். அதனால் இந்த இடம் உனக்குத் தெரியாது. டாக்டர் இதய ரத்தக் குழாய்களின் படம் ஒன்றைக் காட்டினார். கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு மரத்தின் கிளைகள் பாதி பட்டுப்போனதுபோல இருந்தது. எங்கள் லேப் டாக்டரம்மா அன்று சாயங்காலம் பார்க்க வந்தார். அவரிடம்தான் கேட்டேன், சர்க்கரைக்கும் இந்த அடைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று. அவர் பொறுமையாகச் சொன்னார். சிவப்பணு நாலு மாதத்தில் போய்விடும், ஆனால் ரத்தக் குழாயின் சுவரில் இருக்கும் நார்ப் புரதம் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். அதில் ஒட்டிய சர்க்கரை மெல்ல மெல்ல மாறிப் பழுப்பேறி, ஒரு நாரை இன்னொரு நாரோடு சேர்த்துக் கட்டிவிடும். பாவ் ரொட்டியின் மேல்தோல் அடுப்பில் பழுப்பாகிறதே, ஏறக்குறைய அதே வேலை. அடுப்புச் சூட்டில் நிமிடங்களில் நடப்பது உடம்புச் சூட்டில் வருடங்களாக நடக்கிறது. உன் அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தவர் சட்டென்று பேசினார். "நார நாரோட கட்டுனா அது அழுகாது, ஆனா வளையவும் செய்யாது. அது தோல் பதம் போடுறதுல்லா?" டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. முப்பது வருடம் தாராவித் தோல் பட்டறையில் நின்றவருக்கு அது பாடமே இல்லை. பச்சைத் தோல் எப்படி இழுபடும், மரப்பட்டைச் சாற்றில் ஊறிய பிறகு அது எப்படிப் பலகையாக விறைக்கும் என்பது அவர் கைக்குத் தெரியும். "அப்ப உள்ளுக்குள்ளயும் ஒரு பட்டற நடந்திருக்கு. லைசென்ஸும் கெடையாது ஒண்ணும் கெடையாது" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. நர்ஸ் வந்து என்னைத் திட்டினாள்.

விறைப்பது பாதிக் கதைதான். மீதிக் கதை அதைவிட அசிங்கம். நான் சொல்லிவிடுகிறேன், சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறாய் என்றால் தட்டை நகர்த்தி வை. இப்படிக் கெட்டுப்போன புரதத்தைக் கண்டால் குழாயின் உள்சுவரும் காவல் அணுக்களும் பதறிவிடும். அந்தக் கெட்ட புரதத்தை அடையாளம் காண அவற்றின் மேல் ஒரு கொக்கி இருக்கிறது. அதில் மாட்டியதும் அபாயமணி அடிக்கும். அடிக்க ஆரம்பித்தால் நிற்காது. மணிச் சத்தம் கேட்டு வெள்ளையணுக்கள் சுவருக்குள் நுழையும். அங்கே சர்க்கரை ஏறிய கொழுப்பு கிடக்கும். நல்ல எண்ணத்தோடுதான் அதை விழுங்கும். போதும் என்று சொல்லத் தெரியாது. விழுங்கி விழுங்கி, உடம்பெல்லாம் நுரைத்து, நகர முடியாமல் அங்கேயே செத்து, தானே குப்பையாகிவிடும். அந்தக் குப்பையை அள்ள இன்னொரு கூட்டம் வரும். மழைக்கு முன்னால் நம் பகுதியில் சாக்கடையைத் தூர் வாருவதைப் பார்த்திருப்பாய். கறுப்புச் சேற்றை வாரி, சாக்கடையின் கரையிலேயே குவித்துவிட்டுப் போவார்கள். முதல் மழைக்கு எல்லாம் உள்ளே. அதே நிர்வாகம்தான் உள்ளேயும். கடைசியில் சுவருக்குள் மஞ்சளாக ஒரு கூழ் தேங்கி நிற்கும், மேலே மெல்லிசாக ஒரு மூடி. ஒருநாள் அந்த மூடி பிய்ந்தால் ரத்தம் அங்கே உறையும். பிறகு என்ன நடக்கும் என்பதை நீயும் நானும் நம் வீட்டுக் கட்டிலிலேயே பார்த்தோம், உன் அப்பா இரண்டாம் முறை நெஞ்சைப் பிடித்த அன்று. தோல் ஃபைலில் எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்.

இதெல்லாம் தெரிந்தவள் செய்ததைத்தான் இனிச் சொல்ல வேண்டும். அப்பா போய் நாலு மாதம் இருக்கும். உனக்குக் காய்ச்சல். நான்தான் ரத்தம் எடுத்தேன். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய், காய்ச்சலில் குடிக்கிறாய் என்று நினைத்தேன். என்னவோ தோன்றி, அதே ரத்தத்தில் மூன்று மாத டெஸ்ட்டையும் போட்டேன். எட்டைத் தாண்டியிருந்தது. மிஷினைச் சந்தேகப்பட்டு மறுபடி போட்டேன். மிஷின் என்னைப் போன்றது இல்லை, இரண்டாம் முறையும் அதையே சொன்னது. உனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அந்த வாரமே முலுண்ட் கம்பெனியிலிருந்து உனக்கு வேலை வந்தது, மெடிக்கல் கொடுத்தால் சேரலாம் என்று. வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தால் உன்னைத் தள்ளிவிடுவார்கள் என்று எனக்குள் நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

நீ லேபுக்கு வந்தாய். ஊசியைக் கண்டால் உனக்குப் பயம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "அம்மா, ஜல்தி ஜல்தி" என்றாய். எடுத்தேன். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நீ போய்விட்டாய். நான் பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்து என் இடது கையில் இறுக்கி, வலது கையால் என் நரம்பைக் குத்திக்கொண்டேன். இருபது வருடக் கைப்பழக்கம், ஒரே குத்தில் கிடைத்தது. உன் குழாயில் இருந்த லேபிளை உரித்து என் குழாயில் ஒட்டினேன். உன் ரத்தத்தைக் கழிவு டப்பாவில் போட்டேன். போடும்போது அது இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூடு என் விரலில் இருக்கிறது. இருபத்தேழு வருடத்தில் சீழ், மலம், வாந்தி எல்லாம் இந்த விரலால் தொட்டிருக்கிறேன். எதற்கும் எனக்கு அருவருப்பு வந்ததில்லை.

இதில் சிரிக்க ஒரு இடம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் நீ வந்து சொன்னாய்: "அம்மா, எங்க மேனேஜர் டெய்லி லஞ்சுக்கு முன்னாடி சட்டையத் தூக்கி வயித்துல இன்சுலின் குத்திக்குவாரு. அவரு சட்டையத் தூக்குனாலே எங்களுக்கு லஞ்ச் டைம்னு தெரியும்." நீ சிரித்தாய். நான் தோசையைத் திருப்பிப் போட மறந்து கருக விட்டேன். அந்த ஆபீசில் யாரும் அந்த ரிப்போர்ட்டை வாசிக்கவே இல்லை. ஒரு அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். உலகத்தில் அதை வாசித்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் மீனாவின் அப்பா. இன்னொருவன் நீ.

நீ வாசித்ததுதான் மோசம். ஆறு வருடமாக அந்த அஞ்சு புள்ளி இரண்டை ஒரு தாயத்துபோலக் கட்டிக்கொண்டு திரிகிறாய். ஸ்டேஷன் வாசலில் கரும்புச் சாறு, ஆபீசில் பெரிய பாட்டில் கோலா, ஞாயிற்றுக்கிழமை ஜிலேபி. நான் வெந்தயத் தண்ணீரை நீட்டினால், "அம்மா, மேரா ரிப்போர்ட் தேகா நா? நீ வேணா பாவக்கா தின்னு" என்பாய். தேகா மகனே, நன்றாகவே பார்த்தேன். உன் பிடரியில் கறுப்பு படர்வதை டிரெயின் அழுக்கு என்கிறாய். பாதம் எரிவதைப் புது ஷூ என்கிறாய். நான் வாயைத் திறக்க நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலை நிரந்தரமாகட்டும் என்றேன், ஆனது. வீடு மாறட்டும் என்றேன், தாராவியிலிருந்து செம்பூருக்கு வந்தோம். கல்யாணம் நிச்சயமாகட்டும் என்று மட்டும் நான் சொல்லவில்லை. அது என்னைக் கேட்காமல் நடந்துவிட்டது.

போன வியாழக்கிழமை மீனா கீரைக் கட்டோடு வந்தாள். நீ ஆபீசில் இருந்தாய். அடுக்களையில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றாள். கேள் என்றேன். "ஆம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் பதிமூணுக்கு மேல இருக்கணும்னு நெட்ல போட்டிருக்கு. இவருக்குப் பதினொண்ணு. உள்ள ஏதாவது பெரிய வியாதி இருக்குமோன்னு பயமா இருக்கு. இவருகிட்ட கேட்டா டென்ஷன் நஹி லேனேகா, கவலப்படாதன்னு சிரிக்காரு." நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அன்னைக்கு மிஷின் சரியில்லம்மா. அது அப்பிடித்தான் காட்டும்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. கீரையை ஆய ஆரம்பித்தாள். இரண்டு காம்பு உருவியிருப்பாள். நிமிர்ந்து, "அப்ப சுகர் நம்பரும் சரியில்லாம இருக்கலாமோ அத்தை?" என்றாள். அவள் என்னை மடக்கக் கேட்கவில்லை. பயந்தவள் கேட்டாள், அவ்வளவுதான். நான் குக்கர் விசிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது வரவே இல்லை. அடுப்பைப் பற்ற வைத்திருந்தால்தானே வரும்.

வேலை பார்த்த காலமெல்லாம் பொய்யே சொல்லாத அந்த மிஷினின் மேல் பழியைப் போட்டேன் பார், அதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. அந்தப் பெண் தன் பெரியப்பாவை நெஞ்சடைப்புக்குக் கொடுத்த வீட்டிலிருந்து வருகிறாள். அவர்கள் ஜாதகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரே ஒரு காகிதத்தை நம்பினார்கள். அதிலும் நான் கை வைத்தேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, அதனால் இதை ஒரு லேப்காரியின் குறிப்பு என்று வைத்துக்கொள். சுவரில் ஏற்கனவே இறுகிப்போனதை முழுக்கப் பிரித்தெடுக்க எனக்குத் தெரிந்து மருந்து இல்லை. ஆனால் புதிதாக ஒட்டுவதை நிறுத்தலாம், குறைக்கலாம். மாத்திரை இருக்கிறது, நடை இருக்கிறது, கோலா பாட்டிலைக் கீழே வைக்க உனக்குக் கை இருக்கிறது. உனக்கு இன்னும் காலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆறு வருடத்தை நான் தின்றுவிட்டேன். மன்னிப்புக் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்தப் போவதில்லை. அது உன் இஷ்டம், அவசரமும் இல்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஸ்டேஷன் பக்கம் இருக்கும் வேறு ஒரு லேபில் உன் பெயரைப் பதிந்திருக்கிறேன். நான் வேலை பார்த்த இடம் இல்லை. என்னைத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. பட்டினி கிடக்காதே. வெள்ளிக்கிழமை என்ன தின்பாயோ அதைத் தின்றுவிட்டுப் போ. முடிந்ததும், ரிசல்ட் வருவதற்குக் காத்திராமல் பஸ் ஏறி ஆண்டாப் ஹில் போய் மீனாவிடம் எல்லாவற்றையும் சொல். என்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தையைக்கூட மாற்றாதே. கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னால் அது அவள் உரிமை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் அங்கே போவேன். நீ சொல்லியிருந்தால் தலை குனிந்து நிற்பதற்கு, சொல்லாவிட்டால் நானே சொல்வதற்கு.

கடைசியாக ஒன்று. ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பாதே. வலிக்கும், பார். ரத்தம் உன் கையிலிருந்து குழாய்க்குப் போவதைப் பார். அந்தப் பெண் லேபிளில் உன் பெயரை எழுதி, உன் கண் முன்னால் ஒட்டி, தட்டில் வைக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. அவள் நல்லவளாகத்தான் இருப்பாள். என்னையும் அந்த லேபில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அம்மா